பஸ்ஸில் உட்கார்ந்து போட்ட பச்சை டிக்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓசூரில், கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். செக்லிஸ்ட் பேப்பரையெல்லாம் எடுத்துவிட்டு எங்கள் கையில் ஆளுக்கொரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

வேலை இதுதான். தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினுக்குள் கை போனால் அது தானாக நிற்க வேண்டும். அதற்கு ஒரு சென்சார் உண்டு. தினமும் காலையில் பன்னிரண்டு மெஷினிலும் ஒரு குச்சியை நீட்டிப் பார்த்து, மெஷின் நின்று சிவப்பு விளக்கு எரிவதை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். ஏற்றியதும் ஆபரேட்டரின் செல்லுக்குப் பச்சை டிக் போகும். அதைப் பார்த்துத்தான் அவர் மெஷினை ஓட்டுவார்.

முதல் மாதம் ஒழுங்காகச் செய்தேன். அப்புறம் பார்த்தால், பழைய போட்டோவைப் போட்டாலும் டேப்லெட் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது. விடுவேனா? காவேரிப்பட்டினத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போதே பன்னிரண்டையும் ஏற்றிவிடுவேன். மற்ற சூப்பர்வைசர்கள் குச்சியும் கையுமாக அலைவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்பேன். அவ்வளவு கொழுப்பு எனக்கு.

ஒரு திங்கட்கிழமை ஏழாம் நம்பர் மெஷின் நிற்கவில்லை. அதை ஓட்டியவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. நாட்றாம்பாளையத்துக்காரர், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மறுநாள் விசாரணை. மேனேஜர் டேப்லெட்டை எல்லோருக்கும் காட்டினார். "மேடம் எடுத்த போட்டோவுல சென்சார் நல்லாத்தான் இருக்கு. சீக்கிரமா ஓட்டணும்னு அவருதான் அப்புறமா ஆஃப் பண்ணியிருக்காரு. அப்படித்தானே மேடம்?"

ஆமாம் என்றால் பழி அவர்மேல் விழும், அவர் வேலையும் போகும். தெரிந்தேதான் தலையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த முகத்தோடு போனேனோ, தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் கட்டுப்போட்ட கையோடு எழுந்து உட்கார்ந்தார்.

"நான் சென்சாரைத் தொடவே இல்லக்கா. நீங்க பாத்து டிக் குடுத்துட்டீங்கன்னு நம்பித்தான் ஓட்டுனேன். நீங்களாவது அவங்ககிட்ட சொல்லுங்கக்கா."

அந்த டிக்கை எனக்குக் காட்டச் செல்லை எடுத்தார். அது விரல் ரேகை கேட்டது. அவர் பதித்து வைத்திருந்தது வலது ஆள்காட்டி விரலை. கையிலிருந்த கட்டை ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்லை என்னிடம் நீட்டி, "நம்பர் சொல்றேன், நீங்களே போடுங்கக்கா" என்றார்.

போட்டேன். பச்சை டிக் இருந்தது. நேரம் காலை ஏழு இருபது. அப்போது எங்கள் பஸ் வழியில் இருக்கும் சூளகிரியைக்கூடத் தாண்டியிருக்காது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் இடது கையால் செல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற அவர் மனைவிதான், "எந்திரிச்சுப் போயிருங்க" என்றார்.

மறுநாள் நடந்ததையெல்லாம் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். என் வேலை போனது. அவருக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். விரலை யார் கொடுப்பது?

இப்போது வேறு கம்பெனி, அங்கேயும் டேப்லெட்தான். நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். குச்சியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகப் போய் நின்று பார்த்த பிறகே டிக் போடுகிறேன். என் செல்லில் விரல் ரேகையை எடுத்துவிட்டேன். நம்பரைத் தட்டித்தான் திறக்கிறேன். தட்டும்போதெல்லாம் அந்தக் கட்டுப்போட்ட கை கண்முன் வருகிறது, அது வராமல் போகும் நாள் எனக்கு வரவும் கூடாது.