ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்காத இடம்: ஒரு ரிப்பேர்க் கடைக்காரன் பட்ட பாடு

கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையில் ரிப்பேர் செய்வது பாதி வேலை. ரிப்பேரே இல்லை என்று நம்ப வைப்பது மீதி வேலை.

என் கடை தண்டையார்பேட்டையில் இருக்கிறது. இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹார்ட் டிஸ்க்கை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. இவ்வளவு இடம் 'சி'க்கு, இவ்வளவு 'டி'க்கு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். யாருக்கும் கொடுக்காத மிச்சம், திரையில் ஒரு கறுப்புப் பட்டையின் கீழ் 'அன்அலோகேட்டட்' என்று நிற்கும். அதாவது ஒதுக்கப்படாத இடம். அந்தப் பட்டையைப் பார்த்தவர்கள் நேராக என் கடைக்குத்தான் வருவார்கள்.

ஒதுக்கீடு

தேவராஜ் சார் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் இருந்தவர் என்பதால் மனு எழுதாத நாள் குறைவு. வேறொரு கடையில் பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட இரண்டு மடங்கு பெரியதாக ஒன்றைப் போட்டுக்கொண்டார். அவர்கள் பழையதில் இருந்ததை அப்படியே நகல் எடுத்திருந்தார்கள். நகல் பழைய அளவிலேயே வந்துவிட்டது. புது டிஸ்க்கில் பாதி, ஒதுக்கப்படாமல் கிடந்தது. பாதி டிஸ்க்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சிபியுவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

இடம் எங்கேயும் போகவில்லை, இன்னும் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன். ஒதுக்க வேண்டியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு முறை பார்த்தார். அவர் கேட்டு வாங்கி வைத்திருந்த டீ ஆறுவதற்குள், மிச்ச இடத்தை 'சி'யோடு சேர்த்துக் காட்டினேன். அவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

"நான் சர்வீஸ்ல இருந்த வரிக்கும் ஒரு ஒதுக்கீடும் இவ்ளோ சீக்கிரம் வந்தது இல்ல. எதுக்கும் இன்னொரு தபா பாத்துடு நைனா."

நடுவில் இருப்பவர்

மும்தாஜ் அக்கா பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகையும் வடிவமைத்துக் கொடுப்பார். அவருடைய 'சி' நிரம்பிவிட்டது. திரையில் பார்த்தால் கடைசியில் நல்ல பெரிய கறுப்புப் பட்டை. இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டுவிட்டு என் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறதே, அதை எடுத்து இதில் சேர்த்துவிடுங்கள் என்றார்.

அங்கேதான் சிக்கல். 'சி'யை நீட்ட வேண்டுமென்றால் காலி இடம் அதை ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் 'டி' உட்கார்ந்திருந்தது. 'டி' நிறைய பத்திரிகை டிசைன்கள். 'டி'யில் இருப்பதை எல்லாம் வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைத்துவிட்டு, அதைக் கலைத்து, 'சி'யை நீட்டி, அப்புறம் 'டி'யைப் பின்னால் தள்ளிக் குடியேற்ற வேண்டும் என்று விளக்கினேன். சுற்றிக்கொண்டு போக வழி இல்லையா என்றார். இல்லை என்றேன். திரையில் 'சி', 'டி', கறுப்புப் பட்டை என்று வரிசையாக விரல் வைத்துக் காட்டினார்.

"எங்க வூட்லயும் இதே கததான் அண்ணே. இந்தாண்ட எங்க வூடு, அந்தாண்ட எங்க காலி மனை, நடுவுல கொயுந்தனாரு. அவர எந்த டிஸ்க்குல காப்பி எடுத்து வெக்கிறது?"

சாட்சி

ஒரு பெயின்ட் குடோன் முதலாளி, தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி, கையில் ஒரு டிஸ்க்கோடு வந்தார். பின்னாலேயே அவருடைய சூப்பர்வைசர் செல்வம். குடோனில் சில டின்கள் குறைந்திருந்தன. அண்ணாச்சிக்குச் செல்வத்தின் மேல் சந்தேகம். குடோன் சிசிடிவி கேமராவின் பதிவுப் பெட்டியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்திருக்கிறார். முழுக்க 'அன்அலோகேட்டட்'. அழித்துவிட்டான் என்பது முடிவாகிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று என் கடையில் இறங்கியிருக்கிறார். செல்வம் உள்ளே வரவில்லை. உட்காரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார்.

கேமரா பெட்டி தன் வழியில் எழுதும், நம் கம்ப்யூட்டருக்கு அதைப் படிக்கத் தெரியாது, தெரியாததைக் காலி என்று சொல்லிவிடும் என்றேன். அண்ணாச்சி நம்பவில்லை. பெட்டியையே வரவழைத்து, டிஸ்க்கை அதில் திரும்ப மாட்டி ஓடவிட்டேன். எல்லாம் இருந்தது. லாரி நிற்கிறது, டின்கள் ஏறுகின்றன, பக்கத்தில் காதில் போனை வைத்தபடி, ஏற்று ஏற்று என்று கைகாட்டிக்கொண்டிருப்பவர் அண்ணாச்சி. அவர் அதை இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு, ஆமாம், அது எண்ணூர் ஆர்டர், மறந்தே போச்சு என்றார். செல்வத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார். செல்வம் உள்ளே வந்து, பெட்டியைத் துடைத்துத் தூக்கிக்கொண்டார்.

"நான் சொன்னப்போ நம்பல சார். டப்பா சொன்னதும் நம்பிட்டாரு."

போஸ் இல்லாத படம்

ராயபுரத்தில் கல்யாண போட்டோ எடுக்கும் அந்தோணி, தன் டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் ஏதோ கேள்வி கேட்டது, ஓகே கொடுத்தேன், எல்லாம் போச்சு என்றார். முழு டிஸ்க்கும் கறுப்புப் பட்டை. அதில் ஸ்டெல்லா என்ற பெண்ணின் கல்யாணப் படங்கள், இன்னும் ஆல்பம் போடாதவை. கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளிலேயே பெண்ணின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். அவர் கடைசியாக இருந்த படங்கள் இவைதான்.

போனது எது எங்கே என்று குறித்து வைத்திருந்த எல்லைக் கணக்குதான், படங்கள் உள்ளேயே இருக்கும், மேலே எதையாவது எழுதினால்தான் போகும் என்றேன். அந்தோணி வேறு எதையும் எழுதியிருக்கவில்லை. மீட்கும் சாஃப்ட்வேரை ஓடவிட்டேன். படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. யார் யாருடைய கல்யாணமோ, ஞானஸ்நானமோ ஒன்றாகக் கலந்து கொட்டின. பிரித்துச் சொல்ல ஸ்டெல்லாவே வந்து உட்கார்ந்தார்.

அப்பாவுக்கு கேமரா பிடிக்காது போலிருக்கிறது. மேடையில் யாரையோ தேடித் திரும்பியிருந்தார். பந்தியில் சாம்பார் வாளியோடு முதுகைக் காட்டி நின்றார். ஒவ்வொன்றுக்கும் ஸ்டெல்லா தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரே ஒரு படத்தில் நேராக நம்மைப் பார்த்தார். கையை வாய்க்குக் கொண்டுபோய், புருவத்தை நெரித்து, கோபமாக. அந்தோணி அவசரமாக, அது போஸ் இல்லம்மா, நான் சாப்புடாம சுத்திகினு இருக்கேன்னு என்னைத்தான் திட்டினாரு, அதை எடுத்துடலாம் என்றார். அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதையே பெருசா போட்டுக் குடுங்க அண்ணே, சாப்புடற எடத்துல மாட்டணும்."

இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கம்ப்யூட்டர் 'காலி' என்று சொன்னால் அதற்குத் தெரியவில்லை என்று அர்த்தம், அதையே நான் சொன்னால் எனக்குத் தெரியவில்லை என்று கஸ்டமர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.