இடது பக்கத்தை ஊதாவாக்கிய தனபாலன் அண்ணன்

முந்தாநாள் காலை வீட்டு வாசலில் வடை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் என் கடைக்குப் பக்கத்தில் டயர் பட்டறை வைத்திருந்த முனியன் போனில் கூப்பிட்டார்.

"தனபாலன் அண்ணே போயிட்டாருக்கா. சிலிபின்ல அவரு வீட்டுலதான் வெச்சிருக்காங்க. வாரீங்களா?"

"வாரேன்" என்றேன். அந்த வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். துக்கமா கோபமா, எனக்கே தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படித்து, நிலத் திட்ட அதிகாரியானவர் அவர். எங்கே வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை என்று வரைபடத்தில் நிறம் தீட்டுவது அவர் வேலை. தோட்டத்தை விற்று லயத்து வீடுகளிலிருந்து எங்களைக் கிளப்பியபோது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு கிடைக்க வெயில் மழை பாராமல் அலைந்தார். அதை மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும்.

பிறகு தோட்டத்து ஓரமாக ஹைவே வந்தது. டோல் சாவடியை விட்டு இறங்கியதும் தார்ச்சடக்கின் இடது பக்கத்தில் தகரக் கூரை போட்டு ஒட்டுக்கடைகள் வைத்தோம். அண்ணன் பிளாஸ்டிக் பையில் கட்டிய பொட்டலத் தேத்தண்ணியை உறிஞ்சியபடி அங்கே நின்று, போகிற வருகிற லோரிகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"லெட்சுமி, டோல்ல இறங்குற லோரிக்காரன் பசியோட வாரான். எடது பக்கம் கடையும் பட்டறையும் இருக்கணும். பேக்டரி எல்லாம் ஆத்துக்கு அந்தாண்ட போவட்டும். லோரி ஒன் கடைக்கு வரணும், ஒன் கொல்லைக்கு வரக் கூடாது."

எவ்வளவு அழகாகச் சொன்னார்! வரைபடத்தில் அந்த இடம் கடைகளுக்கான நீலமானால் எங்களுக்கு நிரந்தர லைசென்ஸ் கிடைக்கும். தொழிற்சாலைக்கான ஊதாவானால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அண்ணன் இருக்கும்போது என்ன பயம் என்றிருந்தோம்.

வரைவுத் திட்டத்தை நகராட்சி மண்டபத்தில் மாட்டி, ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் இடது பக்கம் முழுக்க ஊதா. அண்ணன் ஓடி வந்தார்.

"அது வெறும் வரைவும்மா. நான் உள்ள இருக்கேன்ல? எதுக்கு ஆட்சேபம்? பாத்துக்கிறேன்."

முனியன் எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணன் போட்ட பிளானுக்கு நம்மளே எதிர்ப்பு எழுதுனா அவருக்கு மரியாதை இல்லலா." அவ்வளவுதான். அண்ணன் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எல்லோரும் கலைந்தோம்.

ஊதா ஊதாவாகவே உறுதியானது. கடைகளை உடைத்த அன்று நேரே சிலிபினில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஒருத்தர்கூட எழுதிக் குடுக்கலயேம்மா" என்றார். "மேலிடத்துக் கூட்டத்துல நான் எதைக் காட்டிப் பேசுறது?"

"நீங்கதானேண்ணே வேணாம்னீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "பசியாறிட்டுப் போம்மா" என்றார். பிழைப்பு போனவளிடம் சொல்கிற வார்த்தையா அது? இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அவர் காசு வாங்கிவிட்டார் என்று பலர் பேசினார்கள். நான் நம்பவில்லை. வாங்கியிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். மேலதிகாரிகளுக்கு முன்னால் வாய் திறக்கப் பயந்து, எங்கள் வாயையும் சேர்த்து மூடிவிட்டாரே, அதுதான் இன்னும் எரிகிறது.

நேற்று சிலிபினிலிருந்து புறப்பட்ட அவரது இறுதி ஊர்வலம், எங்கள் பழைய தோட்டத்துச் சுடுகாட்டுக்கு அந்த டோல் வழியாகத்தான் வந்தது. எங்கள் கடைகள் இருந்த இடத்துக் கிடங்கிலிருந்து கொள்கலன் லோரிகள் வரிசையாக வெளியேற, அண்ணனின் வண்டி ஓரமாகக் காத்து நின்றது. கூட வந்த எங்கள் ஜனம் அன்று மண்டபத்தில் நின்றதைப் போலவே, அதே மரியாதையோடு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றது.

என்னால் அப்படிப் பேசாமல் இருக்க முடியவில்லை, அண்ணே. அன்று உங்களுக்காக நான் எழுதாமல் விட்ட ஆட்சேபம் இது. வாங்கிக்கொண்டு போய் வாருங்கள்.