வெளுத்த வேர்கள்

பார்சலில் வந்த ஆர்க்கிட் செடியைப் பிரித்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. இலைகள் சுருங்கி, வேர்கள் வெளுத்துக் கிடந்தன. செடியை விற்ற அந்த அம்மாவைப் போனில் அழைத்து, "செத்த செடியை அனுப்பி ஏமாத்துறீங்களா?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "வேரை அமுக்கிப் பாரும்மா, கெட்டியா கீதா, இல்ல கொழகொழன்னு கீதா? கொஞ்சம் தண்ணி தெளி" என்றார்.

அவர் சொல்வது பொய்யென்று நிரூபித்தே தீருவது என்று வேரை அமுக்கிப் பார்த்துத் தண்ணீர் தெளித்தேன். கெட்டியாக இருந்த அந்த வெள்ளை வேர்கள் என் கண்ணெதிரே பச்சையாயின. செடிக்கு வழியில் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

"பச்சையாச்சா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

நேரில் மன்னிப்புக் கேட்காமல் விடுவதில்லை என்று, ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்திலிருந்து பஸ் மாறி நெம்மேலியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

"இதுக்கா இம்மாந்தூரம் வந்தே?" என்று சிரித்தார். தொட்டுக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்ன என் அவசரம் இன்றும் என்னை உறுத்துகிறது.