மெஹர் கட்டிய சத்தமில்லாத கம்ப்யூட்டர்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மகன் இப்போதுதான் தூங்கினான்; பகலில் எழுத உட்கார்ந்தால் கீபோர்டு மேலேயே ஏறி உட்காருகிறான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தும் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. மெஹருன்னிசாவைத் தெரிந்த பெண்களுக்கு மட்டும் இதை அனுப்புகிறேன். கடைசி வரை படியுங்கள்.

அவள் போன செய்தி எனக்கு வாட்ஸப்பில்தான் வந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது தெரியும். முந்தின நாள்கூட, "குளுக்கோஸ் ஏத்தி ஏத்தி கை வீங்கிப் போச்சுடி, மவுஸ் பிடிக்க முடியுமான்னு தெரியல" என்று வாய்ஸ் அனுப்பியிருந்தாள். மறுநாள் வீடியோ எடிட்டர்கள் குழுவில் யாரோ ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கரும் அவள் பெயரும் போட்டிருந்தார்கள். நான் அடுப்படியில் நின்று அந்த ரோஜாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. அந்த வரிசைக்கு நடுவிலேயே ஒருவன் கேட்டிருந்தான்: "அவங்க சிஸ்டம் செம சைலண்ட்னு சொல்வாங்களே, வீட்டுல குடுப்பாங்களா ப்ரோ?" அதற்குக் கட்டைவிரல் தூக்கி ஆமோதித்தவர்களும் இருந்தார்கள். அவள் உடல் அப்போது இன்னும் பாலக்கரை வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்காது.

எங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவளும் நானும் திருச்சி தில்லை நகர் ஸ்டூடியோ ஒன்றில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது வேலை. முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பகுதியைப் பெண்தான் படம் பிடிப்பாள், பெண்தான் எடிட் செய்ய வேண்டும் என்று பல குடும்பங்கள் கேட்கும். வீட்டுப் பெண்கள் முக்காடு இல்லாமல், பாட்டுப் பாடி, ஒருத்தியை ஒருத்தி கேலி செய்து, நிம்மதியாக இருக்கிற இடம் அது. மெஹரை நம்பித்தான் அந்த வேலைகள் ஸ்டூடியோவுக்கு வந்தன. ஒரு நாள் நாங்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால், முதலாளியும் இன்னும் இரண்டு பேரும் அவள் மானிட்டரில் மணப்பெண்ணின் தங்கையைப் பெரிதாக்கி வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார் பாக்குறீங்க?"

"கலர் செக் பண்றோம்மா."

"தங்கச்சி கலரா சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் மெஹர் அந்தக் கல்யாணப் படம் இருந்த டிஸ்கைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுவிட்டாள். "உங்க வீட்டு விசேஷத்தையும் நான்தான் சார் வெட்டினேன். உங்க சம்சாரம் ஆடினதை நான் யாருக்கும் கலர் செக் பண்ணக் குடுக்கல" என்றாள். இருவரும் படியிறங்கினோம். அந்த ஸ்டூடியோவுக்கு அப்புறம் நாங்கள் திரும்பிப் போகவில்லை.

வீட்டிலிருந்தே தனியாகச் செய்வதென்றால் நல்ல வேகமான கம்ப்யூட்டர் வேண்டும். அதே சமயம் அது வாயைத் திறக்கக் கூடாது. பாலக்கரை வீட்டில் அவளுக்குக் கிடைத்தது படுக்கையறையின் ஒரு மூலை. கட்டிலில் மகள் தூங்குவாள், மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியார். வீட்டுக்காரர் துபாயில். பெண்கள் பாடுகிற பாட்டில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்க வேண்டும் என்பாள். அதற்குப் பக்கத்தில் ஒரு பெட்டி மிக்ஸி மாதிரி இரைந்தால் எப்படி? பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே பூட்டிவிடலாம் என்றாள். என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கடைக்குப் போனேன்.

"கேமிங்கா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"கல்யாணம்ங்க" என்றாள் மெஹர்.

அவர் கண்ணாடி வைத்த ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார். "இதப் பாருங்க. ஃபேன் சுத்துறப்போ மயில் தோகை மாதிரி கலர் மாறும்."

"மயிலு கத்துமேண்ணே. எனக்கு வேணாம்."

அவள் எடுத்தது உள்ளே பஞ்சு ஒட்டிய ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. பிராசஸர் மேல் உட்கார இட்லிப் பானை அகலத்துக்கு ஒரு கூலர். லேசான வேலை நடக்கும்போது தன் விசிறிகளைத் தானே நிறுத்திக்கொள்கிற கிராபிக்ஸ் கார்டு. சுழல்கிற ஹார்டு டிஸ்க் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் சத்தமில்லாத எஸ்எஸ்டி. தேவைக்கு மேல் பெரிய பவர் சப்ளை. "இவ்ளோ பெருசு வேஸ்ட்டும்மா" என்று கடைக்காரர் தடுத்தார். "பாதி பலத்துல வேலை பாக்குறது மூச்சு வாங்காதுண்ணே" என்றாள். என்னிடம் திரும்பி, "பெரிய ஃபேன் மெதுவா சுத்தினா போதும்டி, சின்னதுதான் கத்தும். நம்ம ஸ்டூடியோ மாதிரி" என்று கண்ணடித்தாள்.

திருச்சி மே மாத வெயில், அறையில் ஏசி கிடையாது. சூடேறி விசிறி இரையாமலிருக்க, பிராசஸருக்குப் போகிற மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தாள். "பொறுமையா முடியட்டும், யாரு துரத்துறா?" வெட்டிய முழுக் கல்யாணம் ஒன்றை ஒரே வீடியோவாகச் சேர்க்கிற ரெண்டரைப் போட்டுவிட்டு, என் மகனைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்க வைத்தோம். அவன் அசையவில்லை. பெட்டியில் காதை வைத்துப் பார்த்து, "ஓடுதாடி?" என்று என்னையே கேட்டாள். "லைட் எரியுதே" என்றேன். மகள் கண்ணில் அடிக்கிறது என்று அந்த விளக்கின் மேலும் கறுப்பு டேப் ஒட்டினாள். வேலை பாதியில் நின்றுவிடக் கூடாது என்று ஸ்கிரீன் தானாகப் பூட்டிக்கொள்வதையும் நிறுத்தி வைத்தாள். இன்டர்நெட் மட்டும் அந்தப் பெட்டிக்குக் கொடுக்கவே இல்லை.

இதைப் படிக்கிற பலர் அந்த மூலைக்கு வந்தவர்கள்தான். துறையூரிலிருந்து ஒரு பெண்ணின் அம்மா, கேமரா கார்டைக் கைக்குட்டையில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். மெஹர் வேலையை முடித்துக் கொடுத்ததும் அவரை உட்கார வைத்து, அவர் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தாள். எல்லோருக்கும் அப்படித்தான் செய்வாள். "ஒரு காப்பி இருக்கட்டுமே மெஹர், நாளைக்குத் தொலைஞ்சா?" என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னது: "வெட்டுறதுக்காகத்தான் பாக்குறேன். வெட்டி முடிச்சதும் நான் பாக்கவே இல்ல."

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போயிருந்தேன். முன்னறையில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். மெஹரின் மகளைத் தேடி உள்ளே போனால், அந்த மூலையில் ஸ்டூடியோ முதலாளி. துக்கம் கேட்க வந்தவர், அவள் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்திருந்தார். திரையில் ஒரு மணப்பெண்ணின் மருதாணிக் கை, அதற்குப் பின்னால் தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்த அவள் அக்கா. மெஹரின் கொழுந்தன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"வேலை பாதியில நிக்குதும்மா. பார்ட்டிங்க பாவம்ல? நானே முடிச்சுக் குடுத்துடறேன்" என்றார், வாய் நிறையக் கருணையோடு.

பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போன ரெண்டர் முடிந்து, திரையை மட்டும் அணைத்துவிட்டுப் பெட்டி அப்படியே விழித்துக் கிடந்திருக்கிறது. விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் அதன் மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்திருக்கிறார்கள். யாராவது மவுஸை நகர்த்தினால் போதும், எல்லாம் திறந்துகொள்ளும். அந்த முதலாளி நகர்த்தியிருக்கிறான். அவர் என்று எழுத இனிமேல் எனக்குக் கை வரவில்லை.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். கொழுந்தன் தடுத்தான். "என்னக்கா பண்றீங்க? சாருக்குத்தான் தர்றதா பேசியாச்சு. அது வெறும் டப்பாதானே?"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாமியார் வந்தார். நான் சொன்னதைக் கேட்டார். "யா அல்லாஹ், அது ஓடிட்டா இருந்துச்சு?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. பிறகு கொழுந்தனைப் பார்த்து, "டப்பாவை யாருக்கு வேணாலும் குடு. உள்ள இருக்கிறது பொம்பளைங்க நம்பிக் குடுத்தது. அது பொம்பளை கையிலதான் போகணும். நீ எடும்மா" என்றார். பக்கத் தகட்டைத் திறந்து, இருந்த டிஸ்க் அத்தனையையும் கழற்றினேன். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி, "ரொம்ப ஓவர்ம்மா இது" என்றான். அவற்றை என் மகனின் டயப்பர் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். திருவானைக்காவல் தாண்டும் வரை பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

அந்த முதலாளி எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தான், பென் டிரைவ் எதையாவது சொருகினானா என்று மாமியாருக்குத் தெரியவில்லை. கொழுந்தன் இல்லை என்கிறான். உங்களிடம் இதை மறைத்துவிட்டு அஞ்சலி என்று நான் எதை எழுதுவது?

பெட்டி அவனிடம் போய்விட்டது. நேற்று ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறான். மெஹர் பஞ்சு ஒட்டிய தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கண்ணாடி மாட்டியிருக்கிறான். உள்ளே சிவப்பும் பச்சையுமாக விளக்கு. மேலே அவள் படம், கண்ணீர் விடும் பொம்மை, கீழே 'புக்கிங்குக்கு அழைக்கவும்.' பார்த்ததும் எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன். அவள் பெயரைச் சொல்லி வீடுகளுக்குப் போன் செய்கிறான் என்றும் கேள்விப்பட்டேன். "டேட்டா எங்கிட்டதான் இருக்கு, ஓகே சொன்னா முடிச்சுடுவேன்" என்கிறானாம். நம்பாதீர்கள். கேமரா கார்டை நம்பி அவனிடம் கொடுத்துவிடாதீர்கள்.

டிஸ்குகள் என் பீரோவில் புடவைக்கு நடுவே இருக்கின்றன. சாவி என் தாலிச் சரட்டில். "வேற வீட்டுப் பொருளை வச்சுக்கிட்டு நமக்கெதுக்கு வம்பு?" என்று என் வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார். அவர் பயம் எனக்கும் இருக்கிறது. மகன் பீரோக் கதவைத் தட்டினாலே திடுக்கென்கிறது. ஆனாலும் நான் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை. மெஹரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான்: சொந்தக்காரி பக்கத்தில் உட்காராமல் அழிப்பதில்லை, வேலைக்காக அல்லாமல் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டுப் படம் இதில் இருந்தால் ஸ்ரீரங்கம் வாருங்கள். வர முடியாவிட்டால் நான் வருகிறேன், பழைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு. முடித்துத் தரச் சொன்னால் முடித்துத் தருகிறேன்; அழிக்கச் சொன்னால் உங்கள் எதிரிலேயே அழிக்கிறேன். எது என்று எனக்கு ஒரு வரி போடுங்கள். தயவுசெய்து சீக்கிரம்.