கொட்டை உடையும் இடத்துப் பேச்சு

ஒட்டிலியாவுக்கு ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. அடுப்பருகே குந்தினால் குச்சியை எடுத்துச் சாம்பலைக் கிளறுவாள். சாம்பல் ஆறியிருந்தால் பாயிலிருந்து ஓலையை உரிப்பாள். எங்கள் மலைக்கு வந்த நாள் முதல் அந்தப் பரபரப்பு இரட்டிப்பாகிவிட்டது. வந்த காரணம் அப்படி. அவள் புருஷன் யாலப் லாயே நகரத்தில் லாரி ஓட்டியவன். லாரி கவிழ்ந்து செத்துப்போனான். பிணம் பிறந்த மலைக்குத்தான் வந்து சேர வேண்டும். பிணத்தோடு பெண்டாட்டியும் நாலு வயது மகள் சிபிலும் வந்தார்கள். ஒட்டிலியா கடற்கரைக்காரி. தேங்காய்ப்பால் மீனைத் தின்று வளர்ந்த உடம்பு. எங்கள் குளிரும் வெறும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. துக்கம் கழிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தாள்.

அது அவ்வளவு லேசா? பன்றி கொடுத்துக் கட்டியவளின் பிள்ளை, பன்றி கொடுத்த குலத்துக்குச் சொந்தம். போதாததற்கு யாலப்பின் அக்கா கமே இருந்தாள். தாய் இல்லாத தம்பியை முதுகில் கட்டிச் சுமந்து ஆளாக்கியவள். சொந்தப் பிள்ளை கிடையாது. சிபில் வந்து இறங்கியதும் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிறகு இறக்கவே இல்லை.

"நீ இளவட்டம். ஊருக்குப் போ, இன்னொருத்தனக் கட்டிக்க, யாரு வேணாங்குறா? புள்ள மட்டும் இங்க இருக்கும்" என்றாள் கமே, எல்லா ஊருக்கும் பொதுவான கலப்புப் பேச்சான பிஜினில்.

"எம்புள்ளய விட்டுட்டு நான் எங்க போவேன் மதினி?"

"அப்ப இரு. கெழங்கு நடு. இதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்குற?"

மேல்காட்டில் மலைத்தாழைக் கொட்டை அறுவடை முடிந்து எல்லாரும் கீழே இறங்கியபின் குலம் கூடி முடிவு சொல்லும் என்று சின்ன மாமா வாலிம் அறிவித்துவிட்டார். இறந்துபோன மாமனாரின் தம்பி அவர். குலத்தில் மூத்த வாய். அன்றிலிருந்து ஒட்டிலியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கே நாலு பேர் கூடினாலும் பேச்சு அவளையும் சிபிலையும் பற்றித்தான் என்று அவளுக்குத் தோன்றியது. பாதி உண்மையும்கூட. அவள் நிழல் தட்டுப்பட்டால் பேச்சு நிற்கும், பிஜினுக்குத் தாவும், மழையைப் பற்றி ஆகிவிடும். தன் பிள்ளையின் விதியைத் தன் காது எதிரிலேயே பேசுகிறார்கள், ஒரு சொல் விளங்கவில்லையே என்று வயிறு எரிந்தது.

ஆனால் அவள் வெறும் கையோடு வந்தவளும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால், கடற்கரைப் பக்கம் மொழிகளை ஆராய்கிற ஓர் அலுவலகத்தில் நாலைந்து வருஷம் வேலை பார்த்தவள். ஒலிநாடாவைப் போட்டு, நிறுத்தி, திரும்பப் போட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதுவது அவள் வேலை. தெரியாத பேச்சை எப்படித் திறப்பது என்று அங்கே கற்றிருந்தாள். முதலில் அர்த்தத்தைத் தேடக் கூடாது. ஒலியைப் பிடிக்க வேண்டும். பிறகு எது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வருகிறது என்று பார்த்து, பேச்சைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும்.

வெட்டத் தொடங்கினாள். எங்கள் பேச்சில் உயிர் ஒலிக்குப் பஞ்சம். மூன்று நாலு மெய்யை முட்டுக்கொடுத்து அடுக்குவோம். நடுவில் விக்கல் மாதிரி ஒரு குட்டி மூச்சு வரும். அந்த மூச்சு ஓர் எழுத்தா, இல்லை சும்மா வாய் திறக்கிற சத்தமா என்று கண்டுபிடிப்பதற்குள் அவளுக்கு மண்டை காய்ந்துவிட்டது. பிறகு வினைச்சொற்கள். விறகு கொண்டு வா என்று நாங்கள் ஒரே மூச்சில் முடிக்க மாட்டோம். போய், மரம் வெட்டி, எடுத்து, வந்து, போடு என்று கோத்துக்கொண்டே போவோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால். செய்தது நானா நீயா என்று அந்த வால் சொல்லும். வால்கள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டன. வாலுக்கு முன்னால் வரும் தலைகள்தான் நழுவின. பழைய காலண்டர் தாள்களின் முதுகில் எல்லாவற்றையும் குறித்து வைப்பாள். ஆண்கள் அந்தத் தாளைக் கிழித்துப் புகையிலை சுருட்டுவார்கள்.

"என்ன மாமா இது! அதுல வேலையிருக்கு எனக்கு."

"நல்லாத்தான் எரியுது தாயி, உன் வேலை" என்றார் வாலிம், புகையை ஊதிக்கொண்டே.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இனிமேல் எல்லாவற்றையும் தலையிலேயே வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தாள்.

தாழங்காய் முற்றியதும் ஊரே பன்றி, நாய், பிள்ளைகுட்டியோடு மேல்காட்டுக்கு ஏறியது. காட்டு விளிம்பில் கமே நின்றாள், சிபில் அவள் தோளில்.

"இங்க பாரு, கடற்கரைக்காரி. இதுக்கு மேல பிஜின் வாயில வரக்கூடாது. நம்ம பேச்சுதான். மாத்திப் பேசினா கொட்ட உள்ளுக்குள்ள தண்ணியாப் போயிடும், காட்டுல இருக்கறது முழிச்சுக்கும். கொட்ட எங்க உடையுதோ, அங்க அந்தப் பேச்சுதான். ஒருத்தர் ஆரம்பிச்சா மத்தவங்களும் அதுலயேதான் பதில் சொல்லணும். சண்ட கூடாது. தெரியலன்னா வாய மூடிட்டு இரு."

ஒட்டிலியாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை நாள் மறைத்து மறைத்துப் பேசிய பேச்சு இனிமேல் நாள் முழுக்கக் காதருகே. இவர்களே கதவைத் திறந்துவிட்டார்களே!

மேலே ஒரே பெரிய கூரைக்கு அடியில் எல்லாரும் படுத்தார்கள். பெண்கள் தாழங்காயை நெருப்பில் வாட்டிப் பிளந்து, கொட்டையைப் புகையில் உலர்த்தினார்கள். பேச்சு ஓயவில்லை. ஒட்டிலியா ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் போய் ஒட்டிக்கொள்வாள், ஒரு சொல்லைப் பிடிப்பாள், உதட்டில் உருட்டிக்கொண்டே அடுத்தவளிடம் நகர்வாள். வால்கள் அதே வால்கள். ஆனால் சொற்கள் வேறாக இருந்தன. கீழே தண்ணீருக்கு அவள் பிடித்து வைத்திருந்த சொல் ஒன்று, இங்கே வேறொன்று. பிள்ளைக்கு, நெருப்புக்கு, பன்றிக்கு, எல்லாவற்றுக்குமே வேறு. கீழே ஒளிந்துகொண்டு அரைகுறையாகக் கேட்டோம், நம் காதுதான் கோளாறு என்று நினைத்தாள். பழையதை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைக் கற்றாள்.

அங்கேதான் அவள் ஏமாந்தாள். தாழங்காட்டில் நாங்கள் பேசுவது தாழைப் பேச்சு. அந்தக் காட்டுக்கும் அந்தக் கொட்டைக்கும் மட்டும் வைத்திருக்கிற சொற்கள். தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்ல மாட்டோம், குளிர் என்போம். பிள்ளை அங்கே நாற்று. பெண் பைக்காரி. வீடு புகைக்கூடு. பிறந்ததிலிருந்து இரண்டையும் கேட்டு வளர்கிறவர்களுக்கு இதை ஒருவர் வாய்திறந்து சொல்ல வேண்டுமா? அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது.

ஒருநாள் வாலிம் மாமா விரலைச் சுட்டுக்கொண்டு, ஊர்ப்பேச்சில் பச்சையாகத் திட்டிவிட்டார். எல்லாரும் கைவேலையைப் போட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். மாமா முகம் சுருங்கிப்போய், தான் உலர்த்திய கொட்டையை எல்லாம் எழுந்து எல்லாருக்கும் பங்கிட்டார். திட்டியதற்குத் தண்டனை என்று ஒட்டிலியா எடுத்துக்கொண்டாள். சண்டை கூடாது என்று மதினி சொன்னாளே, அதுதான் போல.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, கடற்கரைக்காரி கெட்டிக்காரி. இறங்குகிற சமயத்தில் அவள் தாழைப் பேச்சில் கேலி பேசினாள், கேலிக்குப் பதில் கேலி பேசினாள். கமேகூட ஒருமுறை சிரித்துவிட்டு, "இந்தப் பைக்காரிக்கு நாக்கு முளைச்சிருச்சு" என்றாள். ஒட்டிலியாவுக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் படவில்லை. குலம் கூடும்போது என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் கோத்துக்கொண்டே மலை இறங்கினாள்.

குலம் கூடியது வாலிம் மாமா வீட்டு முற்றத்தில். உலர்ந்த கொட்டைகள் மூட்டையாக நடுவில் இருந்தன; முடிவு சொன்னபின் உடைத்துத் தின்பது வழக்கம். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். ஒட்டிலியா காதைத் தீட்டிக்கொண்டாள்.

ஒன்றுமே விளங்கவில்லை. வால்கள் எல்லாம் வந்தன: அவள் போவாள், நாங்கள் வைப்போம், அவள் எடுத்தாள். எந்த அவள்? எதை வைப்பது? சொற்கள் எல்லாம் மறுபடி அந்நியமாகிவிட்டன. கமே எழுந்து பேசினாள், சிபிலின் தலையில் கை வைத்தபடி; கூட்டம் தலையாட்டியது. மறுபடியும் மறைக்கிறார்கள், நான் புரிந்துகொண்டேன் என்று தெரிந்ததும் வேறு எதிலோ பேசுகிறார்கள், இதோ முடியப்போகிறது, பிள்ளை போயே போய்விட்டது என்று பதறிய ஒட்டிலியாவின் கை பரபரவென்று தரையைத் துழாவியது. மூட்டையின் வாய் தட்டுப்பட்டது. கமே காட்டு விளிம்பில் சொன்னது பளிச்சென்று நினைவுக்கு வந்தது. கொட்டை எங்கே உடைகிறதோ, அங்கே அந்தப் பேச்சுதான். அவர்களே வைத்த சட்டம். மீற முடியாதில்லையா?

ஒரு கொட்டையை எடுத்துக் கல்லில் வைத்து நச்சென்று உடைத்தாள். எல்லாரும் திரும்பினார்கள். அவள் எழுந்தாள்.

"முத்தின காய்களே, நான் பேசுறேன்" என்று தாழைப் பேச்சில் தொடங்கினாள். "இந்த நாற்றைச் சுமந்த பைக்காரி நான். இதை விட்டுட்டு நான் எந்தப் புகைக்கூட்டுக்கும் போகமாட்டேன். ஆனா இங்க எனக்கு உடம்பு நடுங்குது. என் ஆளுங்க கீழ இருக்காங்க, அந்த... அந்த உப்புக் குளிர் பக்கத்துல."

கடலுக்குத் தாழைப் பேச்சில் சொல் கிடையாது. காட்டில் கடல் எதற்கு? அவளாகவே கட்டிக்கொண்ட சொல் அது. இளம்பெண்கள் இரண்டு பேர் சிரித்துக் குப்புற விழுந்தார்கள். ஊர் முற்றத்தில், நட்டநடுப் பகலில், குலக்கூட்டத்தில் தாழைப் பேச்சா! வாலிம் மாமா வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஒட்டிலியா சிரிக்கிறவர்களைப் பார்த்தாள், ஒன்றும் புரியாமல் நின்றாள், கண்ணில் நீர் முட்டியது. இருந்தாலும் நிறுத்தவில்லை. "நாற்றை நான் தூக்கிட்டுப் போறேன். விடுங்க" என்று முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. அடங்கியபின் எல்லாரும் கமேயைப் பார்த்தார்கள். கொட்டை உடைந்துவிட்டதே. தொடங்கிவிட்டாளே. அதிலேயேதான் பதில் சொல்ல வேண்டும். அது விளையாட்டுக்காரியின் வாயிலிருந்து வந்ததா, தெரியாதவள் வாயிலிருந்து வந்ததா என்று சட்டம் பார்க்காது.

கமே வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். தாழைப் பேச்சில் சண்டைக்குச் சொல் வைக்கவில்லை. தரமாட்டேன் என்பதற்குச் சொல் இல்லை. என்னுடையது என்பதற்கும் இல்லை. அந்தக் காட்டில் எதுவுமே ஒருத்தருடையது இல்லை, அதனால். ஊர்ப்பேச்சில் அவளிடம் ஒரு மூட்டை நியாயம் இருந்தது. பன்றி, குலம், தம்பி, முதுகில் சுமந்த காலம். ஒன்றையும் அவளால் எடுக்க முடியவில்லை. அவள் முகம் கோணி, அத்தனை பேர் எதிரில் அழுதாள். சிபில் பயந்துபோய் அத்தையின் கன்னத்தைத் துடைத்தது.

"நாற்றை நீயே தூக்கு" என்றாள் கமே கடைசியில். "காய் முத்தும்போது மேல கொண்டா. நீயும் வா. இந்த நாக்கு வந்துட்டா வராம இருக்கக் கூடாது."

ஒட்டிலியாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஒன்றையும் வெட்டிப் பார்க்கத் தேவைப்படவில்லை.

எதில் பேசினாள் என்பதை அவளுக்குச் சொன்னது வாலிம் மாமாதான், சாயங்காலம், தனியாகக் கூப்பிட்டு, காதோரம், சிரித்துச் சிரித்துக்கொண்டே. அவளுக்கு வெட்கத்தில் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. உடனே பயம் பிடித்துக்கொண்டது.

"அப்ப மதினி சொன்னது செல்லாதா மாமா? ஊர்ப்பேச்சுல வேணாம்னு சொல்லிட்டா?"

மாமா சிரிப்பை நிறுத்தினார். "ஊர்ப்பேச்சுல வேணாம்னு சொன்னா, அதுதான் செல்லும்" என்றார்.

அவள் ஓடிவந்து பார்த்தாள். கமே அடுப்பருகே உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். தின்னவில்லை. ஒன்றை உடைத்து ஓட்டை நெருப்பில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். சாப்பிடச் சொன்னதும், சிபிலைத் தூங்க வைத்ததும் எல்லாம் தாழைப் பேச்சில்தான். காலையில் ஒட்டிலியா பையைக் கட்டும்போதும் நச்சு நச்சென்று சத்தம் கேட்டது. மதினிக்குப் பைத்தியமா என்று முதலில் நினைத்தாள். பாதி வழியில்தான் உறைத்தது: கொட்டை உடைகிறவரை மதினி வாயில் ஊர்ப்பேச்சு வராது.

ஓடைவரை கமே கூடவே வந்தாள், சிபிலைத் தோளில் வைத்து, நடக்க நடக்கப் பல்லால் கொட்டையைக் கடித்து உடைத்துக்கொண்டு. மரப்பாலத்தருகே வந்தபோது பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். பை காலி. சட்டென்று சிபிலை இறக்கி ஒட்டிலியாவின் கையில் திணித்தாள். ஓர் உள்ளங்கையால் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். மற்றக் கையை ஆட்டினாள்: போ, போ, சீக்கிரம் போ.

ஒட்டிலியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலத்தின்மேல் ஓடினாள்.

"அத்தை ஏம்மா வாயப் பொத்திருக்கு?" என்று கேட்டது சிபில்.

"பேசாத. கெட்டியாப் புடிச்சுக்க" என்றாள் ஒட்டிலியா. அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது கமே கையை எடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.