குவளைக்குச் சட்டை தைத்தவள்

என் லாத்தா ஜொஹராவைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அவள் திமிர் பிடித்தவள் என்பார்கள். அது மட்டும் கொஞ்சம் உண்மை, மற்றதை நம்பாதீர்கள். நான் அவளுடைய ஒரே தம்பி, நூகு. காரைக்கால் கடைத்தெருவில் கயிறும் சணலும் விற்கிறவன். எனக்குப் பேச்சு கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைக் கூட இருந்து பார்த்தவன் நான்தான். கூட இருந்ததுதான் என் தலைவலியும்.

லாத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான் சேக் பரீது, பன்னிரண்டு வருஷம் சைகோனில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். ஐம்பத்திரண்டில் கப்பல் இறங்கி வந்தபோது ஒரு இரும்புப் பெட்டி, பழைய துணிக்கடையில் வாங்கிய பட்டாளத்துக் கம்பளிக் கோட்டு ஒன்று, நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் குவளைகள் ஆறு, இவ்வளவுதான் கொண்டுவந்தார். இந்த வெயிலில் கம்பளிக் கோட்டு எதற்கு என்று கேட்டால் சிரிப்பார். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் லேசாக மடங்கியிருந்தன. "மூட்டை விழுந்து நரம்பு பிசகிடுச்சு மச்சான்" என்றார். நாங்கள் நம்பினோம். அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

கண்டுபிடித்தது லாத்தா. ஒரு நாள் காலையில் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குவளையின் பிடியை அவளே முந்தானையால் பிடித்துத்தான் நீட்டினாள். அவருக்குப் பிடிக்குள் விரல் நுழையாது. அதனால் குவளையை அப்படியே உள்ளங்கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, சைகோன் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே குடித்தார். குவளையைக் கீழே வைத்தபோது உள்ளங்கை வெந்து வெளுத்திருந்தது.

"சுடலையா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"சூடாவா இருந்துச்சு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அப்போது நம் ஊர் பிரெஞ்சுக்காரன் கையில். வாஞ்சூர் சாவடியைத் தாண்டினால் வேறு ராஜ்யம். நான்தான் அவரை அந்தப் பக்கம் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் கோழி இறகால் தடவிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். பெருவியாதிதான், குஷ்டம். "மாத்திரையை விடாம சாப்பிடுங்க, நோய் நின்னுடும். கூட இருக்கிறவங்களுக்கு ஒட்டாது, பயப்பட வேண்டாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போன உணர்ச்சி திரும்பாது தம்பி. சூடும் காயமும் படாம பாத்துக்குங்க. கையைத் தின்னுறது நோய் இல்லே, புண்ணுதான்" என்றார். இந்த இரண்டு காதாலும் கேட்டேன். ஒட்டாது என்றதையும் கேட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் முன்பு ஒருவருக்கு இந்த நோய் வந்தது. அவரை அரசலாற்று முகத்துவாரத்தில் ஒரு குடிசையில் கொண்டுபோய் விட்டார்கள். சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டுக் கூப்பிடுவார்கள். அவர் மவுத்தானதுகூட மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. லாத்தா அதைப் பார்த்தவள். "இவரை என்கிட்டேருந்து எடுத்துட்டுப் போகக் கூடாது தம்பி. பன்னெண்டு வருஷம் காத்திருந்தாச்சு, இனிமே என்னால ஆகாது" என்றாள். அழவில்லை. எங்கள் லாத்தா அழுகிற ஜாதி இல்லை.

ஆக, கையில் புண் வரக்கூடாது. புண் வந்தால் ஊர் பார்க்கும். புண் வருவதோ குவளையால். மச்சான் என் கடையில்தான் உட்கார்ந்திருப்பார். கடைத்தெருவில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை தேத்தண்ணி வரும்.

"ஆற வெச்சுக் குடிச்சா என்ன?" என்று நான் கேட்டேன்.

"உனக்கு மண்டையில என்ன இருக்கு? சுடச்சுடக் குடிக்கிறவங்க நடுவுல ஒருத்தர் மட்டும் ஆற வெச்சுக் குடிச்சா ஏன்னு கேக்க மாட்டாங்களா? குவளைக்குத்தான் ஏதாவது பண்ணணும்" என்றாள்.

பண்ணினாள். முதலில் என் கடைத் தேங்காய்நார்க் கயிற்றைக் குவளையைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றினாள். சூடு தெரியவில்லை. ஆனால் தேத்தண்ணி சிந்திச் சிந்தி இரண்டு நாளில் நாறியது. நார் அவர் தோலைக் குத்திக் கிழித்தது, அதுவும் அவருக்குத் தெரியவில்லை. தூக்கி எறிந்தாள். அடுத்தது இலவம்பஞ்சு வைத்துத் தைத்த உறை. பிடி இல்லாத டம்ளர் என்றால் மேலேயிருந்து மாட்டிவிடலாம். குவளைக்குப் பிடி குறுக்கே நிற்கிறது. பிடிக்காக ஒரு பக்கம் கிழித்துவிட்டால், பிடிக்கு மேலேயும் கீழேயும் வெறும் தகரம் தெரிகிறது. அவருடைய மடங்கின விரல்கள் சரியாக அங்கேதான் போய்ப் படிந்தன. அந்த இடத்தில் பொத்தான் வைத்து மூடிப் பார்த்தாள். அவரால் பொத்தான் போட முடியவில்லை. பஞ்சும் நனைந்து கட்டியாகிவிட்டது.

கடைசியில் சைகோன் கோட்டின் ஒரு கையை வெட்டினாள். மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பளி இரண்டு மடிப்பு, உள்ளே பழைய துப்பட்டித் துணி, அடியில் ஒரு வட்டம். பிடிக்கு நேரே ஒரு பட்டை. அது பிடியின் ஓட்டைக்குள் புகுந்து, பிடியையும் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் செருகிக்கொள்ளும். பொத்தான் வேண்டாம். உள்ளங்கையால் தள்ளினாலே போதும். பிடிக்கு எதிர்ப்புறம் அகலமாக ஒரு வார். நான்கு விரலையும் சேர்த்து அதற்குள் விட்டுவிடலாம், விரல் மடங்கியிருந்தால் என்ன, நீண்டிருந்தால் என்ன.

சூடு தாங்குகிறதா என்று யார் சொல்வது? அவரால் சொல்ல முடியாது. லாத்தா கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, வலது கையால் குவளையை இறுகப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தஸ்பீஹ் மாலையின் மணிகளை ஒவ்வொன்றாக உருட்டி எண்ணுவாள். வெறும் குவளையை மூன்று மணி உருளுவதற்கு மேல் பிடிக்க முடியவில்லை. பஞ்சு உறையில் பதினெட்டு. கம்பளி ஒரு மடிப்பில் நாற்பது. இரண்டு மடிப்பில் நூறு மணியும் முழுசாக உருண்டது. இப்படியே ஒரு வருஷம் போயிற்று. அதற்குள் அவள் உள்ளங்கை கொப்புளம் வந்து உரிந்து கன்றிப்போயிருந்தது. நான் திட்டினேன். "அவருக்குத் தெரியாத சூட்டை நான்தானே தெரிஞ்சுக்கணும்" என்றாள்.

சட்டை போட்ட குவளையைக் கடைக்குக் கொண்டுவந்த முதல் நாளே பக்கத்துக் கடை அலாவுதீன் பார்த்துவிட்டான். "என்ன மச்சான், குவளைக்குக் குளிர்காய்ச்சலா?" என்று கேட்டான். வீட்டுக்குப் போய் லாத்தாவிடம் சொன்னேன். அடுத்த வாரம் அலாவுதீனுக்கு ஒரு சட்டை போய்ச் சேர்ந்தது. அப்புறம் எதிர்வீட்டு நபீசாவுக்கு. அப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம். "தெருவுல எல்லார் குவளையும் சட்டை போட்டுக்கிட்டா இவர் குவளையை யாரு பாக்கப்போறா?" என்றாள். கோட்டின் இன்னொரு கை, முதுகு, கழுத்துப்பட்டி எல்லாம் போயின. பிறகு பழைய கம்பளிகளைத் தேடித் தேடி வாங்கினாள். எங்கள் தெருவில் தேத்தண்ணி என்றால் சட்டை என்று ஆகிவிட்டது. அவள் கெட்டிக்காரி. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

மச்சானின் கை ஆறியது. முகத்தில் சிரிப்பு வந்தது. முன்பெல்லாம் எதை நீட்டினாலும் ஆவி பறக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். அந்தப் பார்வை போய்விட்டது. சட்டை போட்ட குவளையை எடுத்தோமா குடித்தோமா என்று இருந்தார். அது நல்லது என்றுதான் நாங்கள் மூன்று பேருமே நினைத்தோம்.

ஐம்பத்துநான்கில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு மாதம் அலாவுதீன் வீட்டில் நிக்காஹ். மச்சான் ஊர் வந்ததிலிருந்து ஒரு விருந்துக்கும் போனதில்லை. வயிறு சரியில்லை, தலைவலி என்று எதையாவது சொல்லித் தப்பிப்பார். இந்தத் தடவை லாத்தா விடவில்லை. "போயிட்டு வாங்க. நாலு பேர் உங்களைப் பாக்கணும். வராம இருந்தாத்தான் பேசுவாங்க" என்றாள். விருந்து முடிந்ததும் கொடுக்கிற தேத்தண்ணிக்காக அலாவுதீன் வீட்டில் இருபது சட்டை கேட்டு வாங்கியிருந்தார்கள். அந்த இருபதையும் அவளே போய்க் குவளைகளுக்கு மாட்டி, ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தாள். என்னைக் கூப்பிட்டு, "நீ அவர் பக்கத்துலயே உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். எங்களில் விருந்து என்றால் சகன். மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுவது. எங்கள் சகனில் நான், மச்சான், எதிரே எங்கள் தெரு முகைதீன் பிச்சை. மூடியை எடுத்ததும் சோற்றைப் பிரித்து, கறியை எடுத்து, மற்றவர்கள் பக்கம் தள்ளிவிடுவது மூத்தவர் வேலை. மூத்தவர் மச்சான்.

நெய்ச்சோறு தேக்சா அண்டாவிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தது. மூடியைத் திறந்தேன். மச்சான் பிஸ்மி சொல்லிவிட்டுக் குவியலுக்குள் முழுக் கையையும் விட்டார். அடியில் புதைந்திருந்த கறியைத் தேடி எடுத்து எனக்கு ஒன்று, பிச்சைக்கு ஒன்று வைத்தார். மறுபடி விட்டார். வாயில் சைகோன் கதை ஓடிக்கொண்டிருந்தது. சுங்கத்துக்காரனை ஏமாற்றிய கதை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் பங்குக்கு நல்ல துண்டு வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிச்சை ஒரு விரலை வைத்தான், வெடுக்கென்று இழுத்து ஊதினான். பிறகு மச்சானின் கையைப் பார்த்தான். கை மணிக்கட்டுவரை சோற்றுக்குள் இருந்தது.

"உங்களுக்குச் சுடலையா?" என்று மெதுவாகக் கேட்டான்.

மச்சான் கதையை நிறுத்தினார். கையை வெளியே இழுத்தார். உதறினார். "ஆமா, சுடுது சுடுது" என்றார். தோல் சிவந்து கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அவர் உதறியதைப் பார்த்த எந்தக் குழந்தையும் நம்பியிருக்காது. அந்த உதறலை நான் மறக்க மாட்டேன்.

பிச்சை எழுந்து கை கழுவப் போனான். பக்கத்துச் சகன்களில் தலைகள் திரும்பின. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மச்சானும் பார்த்தார். ஒட்டாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டவன் நான். இரண்டு வருஷமாக அவரோடு சாப்பிட்டவன் நான். எனக்கும் எழுந்திருக்கத்தான் தோன்றியது. எழுந்துவிட்டேன். த்தூ, நானும் ஒரு மனுஷன்.

மூன்று பேர் சோற்றின் முன்னால் அவர் தனியாக உட்கார்ந்திருந்ததை, பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து லாத்தா பார்த்தாள். அன்றைக்குத் தேத்தண்ணியை யாரும் தொடவில்லை. சட்டை போட்ட இருபது குவளையும் வைத்த இடத்திலேயே ஆறிப்போயின.

மறுநாள் காலையிலிருந்து சட்டைகள் திரும்பி வந்தன. யாரும் கதவைத் தட்டவில்லை, வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். நபீசா மட்டும் குச்சியால் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். மத்தியானத்துக்குள் வாசலில் ஒரு குவியல். அந்த வாரமே பெரிய மனிதர்கள் வந்து, மரியாதையாகத்தான், எங்காவது ஆசிரமத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்கள். லாத்தா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். மச்சான்தான், "விடு ஜொஹரா" என்று இரும்புப் பெட்டியை எடுத்துக்கொண்டார். வடக்கே ஒரு வெள்ளைக்காரப் பாதிரி நடத்திய இடம். பெண்டாட்டி தங்குவதற்கு அங்கே அனுமதி இல்லை. வெந்த கை புண்ணாகி, இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு விஷம் ஏறிவிட்டது. ஐம்பத்தாறில் மவுத்தாகிவிட்டார். தகவலை நான்தான் லாத்தாவிடம் கொண்டுபோனேன்.

அவள் கேட்டுக்கொண்டாள். இன்னாலில்லாஹி சொன்னாள். பிறகு அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டு எடுத்துவந்து வைத்தாள். நீல விளிம்புக் குவளை, சட்டை இல்லை. விருந்து நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நீ ஏன் எழுந்திரிச்சேன்னு நான் கேக்க மாட்டேன். அந்தச் சோறு எவ்வளவு சுட்டுச்சு, அதை மட்டும் சொல்லு" என்றாள்.

"மூணு மணி தாங்காது லாத்தா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். தஸ்பீஹில் மூன்று மணியைத் தள்ளிப் பார்த்துவிட்டு அதை மடியில் வைத்தாள்.

"குவளையையே நினைச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. சோறு என் புத்தியில ஏறலை, அது என் தப்புதான்" என்றாள். "ஆனா அதுக்கு ஒண்ணும் தைச்சிருக்க வேண்டியதில்லை. பக்கத்துல உக்காந்திருந்தவன் மூடியைத் திறக்கிறப்போ, சுடுது மச்சான், கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லியிருந்தாப் போதும்."

மூடியைத் திறந்தவன் நான். ஆவி என் முகத்தில்தான் முதலில் அடித்தது.