பட்டியலில் இல்லாத தெற்குப் பாடு

அம்மாளாச்சியைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இதை எழுதாமல் பல வருடங்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தவள் நான். என் தகப்பனாராகிய ஐயா இருந்த காலத்தில் அவருக்கு மனம் நோகும் என்று விட்டேன். அவர் போன பின்பு, இந்த நினைவு மலரை வாங்கப் போகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கதைக்குள் வருகிறவர்கள் என்று தயங்கினேன். இப்போது வருடம் முடிந்து ஆட்டைத் திவசமும் வந்துவிட்டது. இனியும் எழுதாவிட்டால் ஐயாவின் ஆத்மா சாந்தி அடையாது என்று பயமாக இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா முல்லைத்தீவுக் கரையில், சொந்த வலையும் வள்ளமும் வைத்திருந்த சம்மாட்டி வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடமாட்டார். கற்பூரம் கொளுத்தாமல் ஒரு நாளும் வலை ஏற்றமாட்டார்.

எங்கள் கரையில் ஒவ்வொரு சம்மாட்டி வீட்டுக்கும் கரைவலை வளைக்க ஒரு பாடு, அதாவது கடற்கரையில் ஒரு துண்டு, பரம்பரையாக உண்டு. எது யாருடைய பாடு, முதல் மீன் எந்தக் கோயிலுக்கு, எந்த நாளில் வலை இறங்கக் கூடாது என்பதெல்லாம் வாய்வழிதான். ஐம்பதுகளில் வெளியூர் வலைகள் வரத் தொடங்கின. அப்போது இருந்த அரசாங்கக் காரியாதிகாரி நல்ல மனிதர். கரைக்கே வந்து நின்று, "உங்கட கடல் வழமையளை எழுதித் தாங்கோ. இந்தப் பகுதிக்கெண்டு ஒரு விதி செய்து அரசாங்கக் கச்சேரியால காப்பாத்துவம்" என்றார்.

"எழுதினால் மீன் வருமோ துரை?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"மீன் வராது அப்பு. வெளி வலையும் வராது."

கரை முழுக்கச் சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை, கடலைப் பார்த்துக் கைகூப்பினார். எழுதும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதியவள் நான். வடக்குப் பாடு, கோயில் பாடு, பனையடிப் பாடு என்று வரிசையாக வந்தது.

"தெற்குப் பாடு ஐயா?"

"அது துடக்கு வீடல்லோ பிள்ளை. சொல்லப்படாது. விடு."

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அது துடக்கு வீடு; ஆட்டைத் திவசம் முடியும்வரை அந்த வீட்டுப் பாட்டில் யாரும் வலை வைப்பதில்லை. அதன் பேரைக்கூடக் கரையில் சொல்வதில்லை. செத்தவருக்குச் செய்யும் மரியாதை அது. தெற்குப் பாட்டுச் சம்மாட்டியார் அந்த வருடம்தான் காய்ச்சலில் மோசம் போயிருந்தார். நான் விட்டேன். மற்றச் சம்மாட்டிமார் எல்லோரும் வாசிக்கக் கேட்டுக் கையொப்பம் வைத்தார்கள். ஒருவரும் அந்த விடுபாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. எல்லோரும் மரியாதை என்றே நினைத்தோம்.

விதி வந்தது. வெளி வலைகள் போயின. கோயிலில் பொங்கல் பொங்கி ஐயாவுக்கு மாலை போட்டார்கள்.

துடக்கு முடிந்த அடுத்த பருவத்தில், செத்த சம்மாட்டியாரின் பெண்சாதி, தெற்கு வீட்டு மாமி, தன் வள்ளத்தை இறக்க ஆள் விட்டா. அங்கே எங்கள் சித்தப்பாவின் வலை கிடந்தது. "விதியில உங்களுக்குப் பாடு இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். மாமி நேரே எங்கள் வாசலுக்கு வந்தா.

"அண்ணை, என்ர வீட்டைக் கடலில இருந்தே வெட்டிப்போட்டியளோ?"

"துடக்கெண்டு விட்டனான் தங்கச்சி. அம்மாளாச்சி அறிய வேற நினைப்பில்லை."

"துடக்கு ஒரு வருசம். உங்கட எழுத்துக்கு எத்தினை வருசம்?"

ஐயா அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளே வவுனியாக் கச்சேரிக்குப் போனோம். பழைய காரியாதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். பட்டியலை எடுத்துப் பார்த்த கிளாக்கர், "இதை எழுதினது ஆர்?" என்று அதட்டினார். நான் வாய் திறக்குமுன் ஐயா என் கையை இறுக்கிப் பிடித்து, "நான்தான்" என்றார். "காகிதத்தில இல்லாதது எங்களுக்கு வழமை இல்லை. கையொப்பம் வைச்ச எல்லாரும் திரும்ப வைச்சுத் தந்தால் பாப்பம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஐயா வீடு வீடாக ஏறி இறங்கினார். சித்தப்பா சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "ஒரு வரி மாத்தினால் முழு விதியையும் திரும்பக் கிளறுவினம் அண்ணை. வெளியான் உள்ளுக்க வருவான். ஒரு வீட்டுக்காகக் கரையை விக்கச் சொல்லுறியோ?"

"அந்த வீடும் கரைதானேடா" என்றார் ஐயா. ஒருவரும் கையொப்பம் வைக்கவில்லை. முதலில் கையொப்பம் வைத்தவர்களில் ஒருவரான எனது கணவரும் வைக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஐயா மனுமேல் மனுப் போட்டார். கடைசியாக வந்த மறுமொழி சிங்களத்தில் இருந்தது. சிங்களம் தெரிந்த பேக்கரி முதலாளியிடம் கொண்டுபோய் வாசிக்கக் கேட்டோம். கவனத்தில் எடுத்துள்ளோம் என்று மட்டும் இருந்ததாம். மாமி வலையை விற்றுவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளோடு விசுவமடுவுக்கு நெல் வெட்டும் கூலிக்குப் போனா. ஐயா அதற்குப் பிறகு கடலில் இறங்கவில்லை. பாரிசவாதம் வந்து வாய் கோணிய பிறகும் அந்தப் பாட்டின் பேரையே சொல்லிக்கொண்டு கிடந்தார்.

செத்த வீட்டுக்கு மாமி பஸ் ஏறி வந்தா.

"அண்ணை கடைசியா என்ன சொன்னவர் பிள்ளை?"

"உங்கட பாட்டின்ர பேரைத்தான் மாமி."

"அதைக் கரையில ஆர் காதில வாங்கினது?"



ஐயாவுக்கு வைத்தியம் பார்த்த பரியாரியாருக்கும், தேவாரம் ஓதியவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், மனம் பொறுத்து வந்து நின்ற மாமிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை வாசிப்பவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கு இப்படியே சொல்லுங்கள். பனையடிப் பாட்டுக்கும் முகத்துவாரத்துக்கும் இடையில் உள்ள கரை தெற்கு வீட்டாருடையது. ஐயா விடச் சொன்னார், நான் எழுதாமல் விட்டேன், நீங்கள் கையொப்பம் வைத்தீர்கள். இறந்தவருக்கு மரியாதை என்று நினைத்து இதில் ஒரு சொல்லையும் விட்டுவிடாதீர்கள்.